காய்ச்சல் நாட்களுக்கு ஒரு பூட்டு

நான் முதன்முறை குடியை விட்டபோது ஐந்து மாதம் தாக்குப்பிடித்தேன். அதை முடித்துவைத்தது ஒரு மலேரியாக் காய்ச்சல்.

சண்டை ஓய்ந்து, வன்னியை வெளியோடு இணைக்கிற ஏ-9 பாதை திறந்ததற்கு அடுத்த வருடம் அது. துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் உயிரியல் படிப்பித்தேன். என் மனைவி அங்கேயே கணித ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சீமெந்துக் கல்லால் கட்டி, பூசாமல் விட்ட இரண்டறை வீடு. முற்றத்தில் குண்டுவீச்சுக்கு ஒளிய வெட்டிய பங்கர் ஒன்று இருந்தது. அந்தச் சமாதான வருடங்களில் அதற்குள் விறகு அடுக்கியிருந்தோம்.

மூன்று நாள் குளிரும் நடுக்கமுமாகக் கிடந்தேன். வைத்தியசாலையில் இரத்தம் குத்திப் பார்த்துக் குளிசை தந்தார்கள். நாலாம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. மனைவி மூடிவைத்துவிட்டுப் போன கஞ்சியைக் குடித்தேன். பாண் வாங்கி வருவோம் என்று சைக்கிளை எடுத்தேன். சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கடை. வலப்பக்கம் கொஞ்சத் தூரம் போனால் கள்ளுத் தவறணை. நான் யோசித்தேன் என்று சொல்லமுடியாது. ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லமுடியாது. சைக்கிள் வலப்பக்கம் திரும்பியது.

பின்னேரம் அவள் பாடசாலையால் வந்தபோது நான் வாசற்படியில் இருந்தேன். கிட்ட வரமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்சு மாசம்," என்றாள். "என்னப்பா நடந்தது?"

"தெரியேல்லை."

"ஆரும் வந்து கூப்பிட்டவையோ?"

"இல்லை."

"என்னோட ஏதும் கோவமோ?"

"இல்லையெண்டுறன்."

அவள் நம்பவில்லை. நம்பும்படி எதுவும் என்னிடம் இருக்கவுமில்லை. ஆனால் நான் சொன்னது முழுக்க உண்மை.

நான் அடிக்கிற குடிகாரன் இல்லை. அது எனக்கு நல்ல சாட்டாக இருந்தது. முதலில் கள்ளு மட்டும்தான். பாதை திறந்தபின் வவுனியாவிலிருந்து லொறிகளில் சாராயம் வரத் தொடங்கியது. ஒருநாள் காலை வகுப்பில் நிர்ப்பீடனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உடம்பு நோயோடு எப்படிப் போராடுகிறது என்கிற பாடம். வெண்குழியங்களின் வகைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பிள்ளைகள் எல்லோரும் தலையை ஒரு பக்கம் சரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பலகையைப் பார்த்தேன். என் எழுத்து மேல்மூலையில் தொடங்கிக் கீழ்மூலையில் போய் விழுந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதன்முறை குடியை விட்டேன். அந்த ஐந்து மாதத்தைத்தான் காய்ச்சல் கொண்டுபோனது.

அதற்குப் பிறகு விடுவதும் விழுவதுமாக இரண்டு வருடம் போனது. ஒவ்வொரு முறையும் மனைவி காரணம் தேடினாள். சம்பளம் பிந்தியதா, பாடசாலை அதிபர் ஏதும் சொன்னாரா, தன் தமக்கை வந்துபோனது பிடிக்கவில்லையா என்று கேட்டாள். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் வரைபுத்தாள் ஒன்றை விரித்து, தன் பழைய நாட்குறிப்புகளைப் பார்த்துப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பிள்ளைகளின் பயிற்சி என்று நினைத்தேன்.

"இஞ்ச வாங்கோ. இதைப் பாருங்கோ," என்றாள்.

நீலப்புள்ளிகள் நான் விழுந்த நாட்கள். சிவப்புப்புள்ளிகள் எனக்கு உடம்பு சரியில்லாத நாட்கள். முதல் மலேரியா. அது திரும்பி வந்த காய்ச்சல். மண்வெட்டி பட்டுக் கால் சீழ்கட்டியது. கடைவாய்ப் பல் வீங்கியது. ஒவ்வொரு சிவப்புக்கும் பின்னால், சில நாள் தள்ளி, ஒரு நீலம் இருந்தது. ஒரேயொரு நீலம்தான் தனியாக நின்றது. அது என் தம்பியின் கலியாண வீடு.

"எனக்கு இது விளங்கேல்லை," என்றாள். "நீங்கள்தானே உயிரியல் வாத்தியார். சொல்லுங்கோ."

எனக்கும் விளங்கவில்லை. உடம்பு நொந்தால் மனம் தளரும், மனம் தளர்ந்தால் குடிக்கத் தோன்றும் என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டவில்லை. "பல்லுக்குத்து மாறி நாலு நாளைக்குப் பிறகு என்ன தளர்ச்சி?" என்று கேட்டாள்.

அப்போது எங்கள் பக்கத்து வைத்தியசாலையில் வெளிநாட்டிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் ஆறு கிழமை வேலைசெய்தார். பிறந்தது வன்னியில், படித்ததும் வேலைபார்த்ததும் வெளியில். சமாதான காலத்தில் அப்படிப் பலர் வந்துபோனார்கள். மனைவி வரைபுத்தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னை அவரிடம் கூட்டிப்போனாள். மற்ற நோயாளிகள் போகும்வரை இருந்தோம். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"ஆர் கீறினது?"

"நான்தான்," என்றாள் மனைவி.

"நல்ல வேலை, ரீச்சர்." பிறகு என்னைப் பார்த்தார். "மாஸ்டர், காய்ச்சல் வந்தா ஏன் சாப்பாடு பிடிக்கிறேல்லை? ஏன் ஒருத்தரோடயும் கதைக்க மனமில்லாமல் சுருண்டு படுக்கிறியள்? மலேரியாக் கிருமி உங்கட மூளைக்குள்ள போகேல்லையே."

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"உடம்பில சண்டை பிடிக்கிற கலங்கள் மூளைக்குச் சேதி அனுப்புது. மூளைக்குள்ளயும் காவலுக்கெண்டு கலங்கள் இருக்கு. அதுகள் அந்தச் சேதியை வாங்கி நரம்புகளுக்குச் சொல்லுது. படு, தின்னாதை, ஒருத்தரோடயும் சேராதை எண்டு. காய்ச்சல் விட்டாப்பிறகும் அதுகள் உடன அடங்காது. இப்ப சிலபேர் என்ன யோசிக்கினம் எண்டா, குடியும் அதே காவல் கலங்களைத்தான் உசுப்புதாம். கனகாலம் குடிச்ச ஆளுக்கு அதுகள் எப்பவும் அரைத் தூக்கத்திலதான் கிடக்கும். ஒரு காய்ச்சல் போதும் எழும்ப. எழும்பினா, மூளை அதைக் குடி வேணும் எண்டு எடுத்துக்கொள்ளுதோ என்னவோ. உறுதியாச் சொல்ல இன்னும் காலம் வேணும். ஆனா உங்கட மனுசி கீறின படத்தை நான் சும்மா எண்டு தள்ளமாட்டன்."

எங்கள் பாடப்புத்தகங்களில் உயிரணுவைக் கலம் என்றுதான் எழுதுவோம். செல் என்றால் எங்களுக்கு வானத்தால் வந்து விழுந்து வெடிக்கிற வேறொன்று. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. நான் கெட்டவன் இல்லை, பலவீனன் இல்லை, என் தலைக்குள் காவல் கலங்கள் விழித்திருக்கின்றன, அவ்வளவுதான். வகுப்பில் வருடக்கணக்காகப் படிப்பித்த நிர்ப்பீடனம் என் மண்டைக்குள்ளும் நடக்கிறது என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமையோடு அடுத்த மாதமே குடித்தேன். இந்தமுறை காய்ச்சல் எதுவும் இல்லை. சின்னத் தடிமன். மூக்கு ஒழுகத் தொடங்கியதுமே மூளைக்குச் சேதி போயிருக்கும், இனி என்ன செய்தாலும் நடக்கப்போவதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நேராகப் போனேன். பிறகு தும்மினாலும் போனேன். மனைவியிடம் அந்த டொக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"காரணம் தெரிஞ்சது நல்லதுதான்," என்றாள் ஒருநாள். "ஆனா அந்தக் காரணத்தையே நீங்கள் போத்தலில ஊத்திக் குடிக்கிறியள்."

கொழும்புப் பக்கம் போனால் இதற்கென்று வைத்தியம் செய்யும் விடுதிகள் உண்டு என்று அந்த டொக்டர் புறப்படமுன் சொல்லியிருந்தார். போவோம், போவோம் என்று நான்தான் நாளைக் கடத்தினேன். போகலாம் என்று மனம் வந்தபோது சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது.

பாதை பூட்டின பிறகு வெளியே போவதற்கு இந்தப் பக்கத்தில் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், திரும்பி வருவேன் என்பதற்கு ஆள்பிணை வைக்கவேண்டும், அந்தப் பக்கத்தில் இராணுவத்திடம் வேறு அனுமதி வேண்டும். குடிகாரன் ஒருவனுக்கு அதெல்லாம் கிடைக்காது. சாராய லொறிகளும் நின்றன. ஒரு கிழமைக்குள் எங்கும் ஒரு போத்தல் இல்லை. தவறணையில் கள்ளு வாங்க வரிசை நின்றது. பிறகு அதுவும் நாளுக்கொரு போத்தல் என்றாகி, பல நாட்களில் இல்லையென்றும் ஆனது.

ஒரு சொட்டும் கிடைக்காத மூன்றாம் நாள் என் கைகள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க மறுத்தன. நாலாம் நாள் பட்டப்பகலில் சுவரெல்லாம் வெள்ளை எறும்புகள் ஏறின. நான் கத்தினேன். பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டிருந்த ஒரு மனிதர் ஓடிவந்து என் கால்களைப் பிடித்துக்கொண்டார். அவர் முல்லைத்தீவுக் கரையோரத்து மீனவர், கத்தோலிக்கர். சுனாமியாகக் கடல் வந்த வருடம் மனைவியையும் வீட்டையும் இழந்தவர். அலைச் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்று எங்கள் பக்கம் வந்து காடு வெட்டித் தோட்டம் செய்தார். வைத்தியசாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த உதவி வைத்தியர் தன்னிடம் மிச்சமிருந்த சில ஊசிகளில் ஒன்றைப் போட்டார். மருந்துகளும் பாதைக்கு அந்தப் பக்கத்தில்தான் நின்றன.

"மாஸ்டர் தப்பினது பெரிய காரியம்," என்றார் அவர் கடைசிநாள் வந்தபோது. "இப்பிடி இன்னொருக்கால் வந்தா என்னட்ட மருந்தில்லை."

அப்படித்தான் நான் குடிக்காதவனானேன். என் மனத்திடத்தால் இல்லை. ஒரு பெரிய வேலிக்குள் எல்லோரும் அடைபட்டோம், என்னோடு சேர்ந்து சாராயத்துக்கும் வழி அடைபட்டது. ஆனால் காட்டுக்குள் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். தடை இருந்தது, பிடிபட்டால் கடும் தண்டனையும் இருந்தது. அதைத் தேடிப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கும் வழி தெரியும்.

அந்த மாரியில் மீண்டும் காய்ச்சல் வரும் அறிகுறி தெரிந்தது. மூட்டெல்லாம் நொந்தது. நானே ஒரு பெரிய பூட்டை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தேன்.

"என்னை உள்ள விட்டுப் பூட்டும்," என்றேன். "காய்ச்சல் விட்டும் நாலு நாளைக்குத் திறக்காதையும். நான் என்ன சொன்னாலும் திறக்காதையும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"படம் கீறினது நீர்தானே. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில எத்தினை நாள் எண்டு உமக்குத் தெரியும். அந்த நாளுகளுக்கு மட்டும்."

அவள் நெடுநேரம் பூட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வாங்கினாள்.

உள்ளறை யன்னலுக்கு இரும்புக் கம்பி இருந்தது. தண்ணீர்க் குடம், வாளி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் உள்ளே வைத்தாள். காய்ச்சல் நாட்கள் சுலபமாகப் போயின. காய்ச்சல் விட்ட பிறகு வந்த நாட்கள்தான் பொல்லாதவை. நான் கதவின் பலகைகளை எண்ணினேன். அவளைக் கெஞ்சினேன், ஏசினேன். பிறகு மிகவும் நிதானமான குரலில் ஒரு நல்ல மனிதனைப்போலக் கதைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். அவள் கதவுக்கு அந்தப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து விடைத்தாள் திருத்தினாள். பேனை தாளில் ஓடுவது எனக்குக் கேட்கும். ஐந்தாம் நாள் கதவு திறந்தபோது நான் வெளியே வந்து கிணற்றடியில் குளித்தேன். நான் போகவில்லை. வரைபுத்தாளில் முதன்முறையாக ஒரு சிவப்புக்குப் பின்னால் நீலம் இல்லை.

அடுத்த வருடம் மறுபடி காய்ச்சல். மறுபடி பூட்டு. அதற்குள் போர் முற்றாகத் திரும்பியிருந்தது. பங்கருக்குள் இருந்த விறகை எடுத்துவிட்டோம்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள், காலை பத்து மணியிருக்கும். பாடசாலையில் அன்றைக்கு ஒரு பரீட்சை என்பதால் அவள் போகவேண்டியிருந்தது. பூட்டின் திறப்பு அவள் கைப்பையில். நான் கட்டிலில் இருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வானத்தைக் கிழிக்கிறமாதிரிக் குண்டுவிமானச் சத்தம் கேட்டது. பக்கத்துக் காணிகளில் ஆட்கள் "கிபிர், கிபிர்" என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. பதினைந்து அடி தூரத்தில் என் சொந்தப் பங்கர் இருந்தது. யன்னல் கம்பியூடாக அதன் வாசல் மண்மூட்டை தெரிந்தது.

முதலாவது குண்டு விழுந்தபோது ஓடு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. நான் கதவில் தோளால் இடித்தேன். நல்ல முதிரைமரக் கதவு. நானே பார்த்துச் செய்வித்தது. யன்னல் கம்பிகளைப் பிடித்து உலுப்பினேன். "ஆராவது வாங்கோ! உள்ள ஆள் இருக்கு!" என்று கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. குடிக்கவேண்டும் என்ற நினைவு அந்த நேரம் ஒரு துளிகூட இல்லை. அதை மட்டும் தெளிவாக நினைவு வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் காணி மீனவர் தன் பங்கரை விட்டு ஏறி, அலவாங்கோடு ஓடிவந்தார். வெளியே இரும்பு இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. மூன்றாம் அடிக்குப் பூட்டு தெறித்தது. அவர் என் சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பங்கருக்குள் தள்ளித் தானும் விழுந்தார். இரண்டாவது குண்டு வயல் பக்கம் விழுந்தது. மண் எங்கள் தலையில் கொட்டியது.

என் உடம்பு முழுக்க நடுங்கியது. பற்கள் அடித்துக்கொண்டன. அவர் மடியிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தார்.

"ஒரு மிடறு எடுங்கோ மாஸ்டர். நடுக்கம் நிக்கும்."

அவருக்கு என் கதை முழுக்கத் தெரியும். என் கால்களைப் பிடித்திருந்தவர் அவர். ஆனால் அந்த நேரம் அவர் பார்த்தது நடுங்குகிற ஒரு மனிதனை மட்டும்தான். நான் அவரில் பிழை சொல்லமாட்டேன். மணம் மூக்கில் ஏறியது. நான் வாங்கிக் குடித்தேன். ஒரு மிடறு இல்லை.

விமானம் போன பிறகு மனைவி பாடசாலையிலிருந்து ஓடிவந்தாள். செருப்பில்லை. கையில் திறப்பு. உடைந்த பூட்டைக் கண்டாள். பிறகு பங்கர் வாசலில் குனிந்து என்னைப் பார்த்தாள். மணத்தை அறிந்தாள்.

"உடைச்சுக்கொண்டு போனனீங்களோ?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"தங்கச்சி, நான்தான் உடைச்சனான்," என்றார் மீனவர். "குடுத்ததும் நான்தான். கர்த்தருக்குப் பொதுவாச் சொல்லுறன், மாஸ்டர் ஒரு இடமும் போகேல்லை."

அவள் பங்கர் வாசலில் மண்மூட்டைமேல் இருந்துவிட்டாள். திறப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தபோது ஏன் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

"சந்தியால ஓடிவரேக்க இந்தப் பக்கம் புகை எழும்பிச்சு," என்றாள். "நான் பூட்டின கதவுக்குள்ள நீங்கள் எரிஞ்சுபோனியள் எண்டுதான் ஓடி வந்தனான். இனிப் பூட்டு வேண்டாம். நீங்கள் குடிச்சாலும் பரவாயில்லை. பூட்டு வேண்டாம்."

அடுத்தநாள் எனக்குக் கசிப்புக் காட்டுப் பாதை உள்ளங்கை ரேகைமாதிரித் தெரிந்தது. காலையில் அவள் பாடசாலைக்கு வெளிக்கிட்டாள். எனக்கு உடுக்கச் சேட்டும் எடுத்துத் தந்தாள்.

"நீங்களும் வாங்கோ."

"எனக்கு இன்னும் சுகவீன லீவு."

"படிப்பிக்க வேண்டாம். வந்து இருங்கோ."

அதிபர் என்னைக் கண்டு, "காய்ச்சல்காரர் வீட்டிலயெல்லோ கிடக்கவேணும்?" என்றார்.

"வீட்டில கிடந்தா குடிப்பார் சேர்," என்றாள் என் மனைவி.

ஆசிரியர் அறை முழுக்கக் கேட்டது. ஒருவர் தலையைக் குனிந்தார். ஒருவர் சுண்ணக்கட்டியைத் தேடினார். எனக்கு நிலம் பிளக்கவேண்டும்போல இருந்தது. அதிபர் கையிலிருந்த வரவுப் பதிவேட்டை மூடினார். பிறகு, "பின்னுக்குக் கதிரை இருக்கு மாஸ்டர்," என்றார்.

பத்து நாள் நான் அவளுடைய வகுப்புகளில் பின்வரிசையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். அவள் இருபடிச் சமன்பாடு படிப்பித்தாள். கதிரைகளுக்கு அப்போது பஞ்சமில்லை. பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துப்போக, ஒவ்வொரு கிழமையும் வகுப்பில் ஒன்றிரண்டு காலியாகிக்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் முதல்நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். என் தலைக்குள் அந்தக் கலங்கள் சேதி அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. நான் வாசல் பக்கம் பார்க்கும்போது அவள் கரும்பலகையிலிருந்து திரும்பி, "மாஸ்டர், இந்த விடை சரியோ?" என்று கேட்பாள். ஒருமுறைகூட நான் சரியாகச் சொல்லவில்லை. கணக்கில் நான் எப்போதும் மோசம்.

பிறகு வந்த இரண்டு காய்ச்சல்களும் அப்படித்தான் போயின. அதற்குப் பிறகு பாடசாலையே இல்லை. துணுக்காயை விட்டு வெளிக்கிட்டோம். ஒரு ரக்டர் பெட்டியில் தொடங்கி, சைக்கிளில் உருட்டி, கடைசியில் கையில் ஒரு பையோடு கிழக்கே கிழக்கே போனோம். மீனவர் ஒரு சந்தியில் எங்களைப் பிரிந்து கடற்கரைப் பக்கம் போனார். அவரைப் பற்றி எனக்கு இன்றுவரை தகவல் இல்லை. அந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். நாங்கள் இருவரும் உயிரோடு வந்தோம். அவளுக்கு ஒரு காது கேட்காமல் போனது.

போர் முடிந்தபின் எங்களை அடைத்துவைத்த வவுனியாப் பக்கத்து முகாமில், முட்கம்பிக்குள், எனக்கு மீண்டும் காய்ச்சல் வந்து போனது. தறப்பாள் கொட்டிலுக்குள் பகலில் வெக்கை தாங்கமுடியாது. மனைவி தண்ணீர் வரிசையில் நின்றாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லமுடியாது. கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போத்தல் எப்படி வருகிறது என்று முதல் கிழமையிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. நான் எழுந்து நடந்தேன். இரண்டு வரிசை தள்ளி ஒருவர் மரப்பெட்டி ஒன்றைப் போட்டு ஆட்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத மனிதர். அவரைத் தாண்டிப் போனேன். பிறகு திரும்பி வந்தேன்.

"அண்ணை," என்றேன். "எனக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு நாள். நான் குடிகாரன். இப்ப தனிய இருந்தா குடிப்பன்."

வாழ்க்கையில் முதன்முறை அதை என் வாயால் ஒருவருக்குச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மனுசி எங்க?"

"தண்ணிக்கு நிக்கிறா."

"அப்ப இதில இரும்," என்றார். "உமக்கும் முடி வளந்துதான் கிடக்கு."

ஒரு சின்ன முடிவெட்டுக்கு அவர் எடுத்த நேரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இடையில் நாலைந்து பேருக்கு வெட்டினார், சவரம் செய்தார், மறுபடி என்னிடம் வந்து ஒரு பக்கத்தைச் சரிபார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் மகளைப் பற்றிக் கதைத்தார். வெயில் சரிந்தபோது மனைவி வாளியோடு என்னைத் தேடிவந்தாள்.

முகாமை விட்டு வெளியே வந்து பல வருடங்களுக்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். அந்த டொக்டர் யோசனையாகச் சொன்னதை இப்போது பலர் ஆராய்கிறார்கள். எலிகளில் அந்தச் சேதியை உசுப்பினால் கூடக் குடிக்கின்றனவாம், தடுத்தால் குறைக்கின்றனவாம். மனிதரில் எவ்வளவு பொருந்தும் என்று இன்னும் தர்க்கம் நடக்கிறது. எனக்கென்று ஒரு மருந்து இன்னும் வரவில்லை. காய்ச்சல் வருகிறது, போகிறது. போன பிறகு வரும் அந்த நாலைந்து நாட்கள் இன்னும் எனக்கு ஒடுங்கின அறைதான். கதவு பூட்டியில்லை. யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.